ஜெர்மனி போகும் அண்ணன் மகளுக்கு மருத்துவக் காப்பீடு: ஏஜென்ட் சொல்வதை எடுக்கலாமா?

நீடாமங்கலத்தான்

எல்லோருக்கும் வணக்கம். அண்ணன் மகளுக்கு ஜெர்மனியில் எம்.எஸ். இடம் கிடைத்திருக்கிறது. மெக்கானிக்கல் படித்தவள், வயது 23. அக்டோபரில் வகுப்பு, ஆனால் செப்டம்பர் முதல் வாரமே கிளம்பச் சொல்கிறார்கள். பிளாக்டு அக்கவுண்டில் (விசாவுக்காக முடக்கி வைத்து, அங்கே போய் மாதாமாதம் பிரித்து எடுக்கும் கணக்கு) 11,904 யூரோ போட்டாயிற்று. கல்விக் கடனுக்காக வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது.

இப்போது கன்சல்டன்சிக்காரர் ஒரு இன்சூரன்ஸ் காட்டுகிறார். மாதம் முப்பத்துச் சொச்சம் யூரோதானாம். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து இங்கேயே கட்டிவிடலாம், அங்கே போய் மாதாமாதம் 150 யூரோ அழ வேண்டாம் என்கிறார். அண்ணனுக்கு அந்தக் கணக்கு பிடித்துவிட்டது. யாருக்குத்தான் பிடிக்காது?

பிள்ளை தினமும் தைராய்டு மாத்திரை போடுகிறாள். அதைச் சொன்னால், "அதெல்லாம் சின்ன விஷயம் சார், ஃபார்மில் எழுத வேண்டாம்" என்கிறார் ஏஜென்ட். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அங்கே படித்தவர்கள், பிள்ளைகளை அனுப்பியவர்கள் யாராவது விவரம் சொல்லுங்கள்.

கடைமடை

23 வயதுப் பிள்ளைக்கு எது மலிவோ அதை எடுத்துப் போட்டு விசாவை வாங்குங்கள் சார். இன்சூரன்ஸ்காரன் காசு கொடுத்து நான் பார்த்ததே இல்லை. தலைஞாயிறு பக்கம் எங்கள் சம்பா முழுசும் தண்ணீரில் கிடந்த வருஷம், பயிர் காப்பீட்டில் வந்த தொகையைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் வயல் மூழ்கியதா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. வருவாய் கிராமத்தில் நாலு இடத்தில் அறுத்து எடை போட்டுச் சராசரி எடுத்தார்கள். மேட்டு வயல்காரன் விளைச்சலில் என் நஷ்டம் கரைந்துபோனது. அங்கே மட்டும் வேறு மாதிரியா இருக்கப்போகிறது?

குடவாசல்

கடைமடை ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. நான் ஜெனரல் இன்சூரன்ஸில் கிளெய்ம் பிரிவில் இருக்கிறேன், அதனால் ஒன்று சொல்கிறேன். பயிர் காப்பீட்டில் வட்டாரத்து விளைச்சலை வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டில் தனி ஆளை வைத்துப் பார்க்கிறார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக்காரன் நன்றாக இருப்பதால் உங்களுக்குக் குறையாது. இங்கே தகராறு வருவது வேறு இடத்தில்: விண்ணப்பத்தில் எதை எழுதினீர்கள், எதை மறைத்தீர்கள் என்பதில்.

பயண வகைக் காப்பீடுகள் பெரும்பாலானவற்றில், முன்பே இருக்கும் நோய்க்கான செலவு கிடையாது. உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்கு மட்டும் சில நிறுவனங்கள் கொடுக்கும். சரி, தைராய்டு மாத்திரைக்குக் காசு வராது, போகட்டும் என்று விடலாம். ஆனால் மறைத்துவிட்டுப் போய், நாளைக்கு வேறு ஏதோ காரணத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அங்கே டாக்டர் முதலில் கேட்பது, "தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்?" என்பதுதான். பிள்ளை உண்மையைச் சொல்லும். அது டிஸ்சார்ஜ் தாளில் ஏறும். அந்தத் தாள்தான் என் மாதிரி ஆள் மேசைக்கு வரும். "எத்தனை வருடமாக?" என்று ஒரு கடிதம் போகும். அப்புறம் ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார்.

எழுத வேண்டாம் என்று சொல்கிற ஏஜென்டை மாற்றுங்கள். ஜெர்மனி விஷயம் எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் வரட்டும்.

அரசலாறு

அண்ணே, நான் கும்பகோணம். ஜெர்மனியில் முதுகலை முடித்துவிட்டு அங்கேயே வேலையில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே இரண்டு வகை. ஒன்று பொதுக் காப்பீடு. டெக்னிக்கர், ஏ.ஓ.கே., பார்மர், டி.ஏ.கே. என்று பல நிறுவனங்கள் நடத்துகின்றன. எல்லாவற்றுக்கும் சட்டம் ஒன்றுதான், கிடைக்கும் சிகிச்சையும் ஏறக்குறைய ஒன்றுதான். 30 வயதுக்குட்பட்ட மாணவருக்கு மாதம் 150 யூரோவை ஒட்டி வரும், நிறுவனத்துக்கு நிறுவனம் சில யூரோ வித்தியாசம். வயது 23 முடிந்து குழந்தை இல்லாதவர்களுக்குப் பராமரிப்புக் காப்பீட்டுப் பங்கு (படுக்கையில் விழுந்தால் கவனித்துக்கொள்ளும் செலவுக்கானது, அந்த 150-இலேயே அடங்கும்) கொஞ்சம் கூடும். தைராய்டு இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது என்று யாரையும் தள்ள முடியாது, அதற்காகக் கூடுதலாக வாங்கவும் முடியாது.

இரண்டாவது தனியார். அதிலும் உங்கள் ஏஜென்ட் காட்டுவது, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்று இருக்கும் மலிவு வகை. அது சட்டவிரோதம் இல்லை, பலர் எடுக்கிறார்கள். ஆனால் அந்த முப்பது யூரோவுக்குப் பின்னால் ஒரு கையெழுத்து இருக்கிறது, அதை ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலே உங்கள் பிள்ளை பொதுக் காப்பீட்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம். தனியாரே போதும் என்றால், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்திடம் "எனக்கு விலக்கு கொடுங்கள்" என்று எழுதி வாங்க வேண்டும். அதற்கு மூன்று மாதக் கெடு. வாங்கிவிட்டால் அந்தப் படிப்பு முடியும் வரை அதை ரத்து செய்ய முடியாது. நடுவில் உடம்புக்கு வந்துவிட்டது, இப்போது 150 யூரோ கட்டுகிறேன், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று போய் நின்றால் முடியாது என்றுதான் பதில் வரும். என்னோடு தங்கியிருந்த பெண் அப்படி நின்றாள். அவளுக்கு வந்தது முதுகுத் தண்டுவடத்தில் ஒரு பிரச்சினை. அது முன்பே இருந்ததாகச் சொல்லி அவளுடைய மலிவு பாலிசி கையை விரித்துவிட்டது. கடைசியில் ஊருக்கு வந்து திருச்சியில் பார்த்துக்கொண்டாள், ஒரு செமஸ்டர் போயிற்று.

படிப்பு முடிந்த பிறகும் இது வரும். வேலை தேடும் மாதங்களில் மாணவர் கட்டணம் கிடையாது. பொதுக் காப்பீட்டில் இருந்தவர்கள் கூடுதல் கட்டணம் கட்டி விருப்ப உறுப்பினராகத் தொடரலாம். தனியாரில் இருந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. சம்பளத்திலிருந்தே பொதுக் காப்பீடு பிடிக்கும் ஒரு வேலை கிடைக்கும் வரை தனியாரில்தான் காலம் தள்ள வேண்டும்.

தைராய்டுக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அண்ணனிடம் காட்டுங்கள். பொதுக் காப்பீட்டில் சேர்ந்தால் படம் போட்ட ஒரு அட்டை தபாலில் வரும். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பொது மருத்துவரிடம் போனால் ரத்தப் பரிசோதனை எடுப்பார், சீட்டு கொடுப்பார். அங்கே காசு என்ற பேச்சே வராது. மருந்துக்கடையில் ஒரு பெட்டிக்கு 5 யூரோ பங்கு கட்ட வேண்டியிருக்கும், விலை கூடிய மருந்து என்றால் 10 வரை. ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு 10 யூரோ, அதுவும் வருடத்தில் 28 நாளோடு நின்றுவிடும். தனியாரில் முதலில் நம் கையிலிருந்து கட்டி, பில்லை அனுப்பி, காசு வரும் வரை காத்திருக்க வேண்டும். மாதம் 992 யூரோவில் குடித்தனம் நடத்தும் பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு சிரமம் என்று நினைத்துப் பாருங்கள்.

நீடாமங்கலத்தான்

அக்கா, அந்த விலக்குக் கடிதத்தைப் பற்றி இதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஏஜென்டிடம் கேட்டேன். "அது அங்கே போய்ச் செய்கிற ஃபார்மாலிட்டி, நாங்களே முடித்துக் கொடுப்போம்" என்றார்! இன்னும் இரண்டு கேள்வி. செப்டம்பரில் போய் இறங்கினால் அக்டோபர் வரை என்ன செய்வது? கண்ணாடி, பல் இதெல்லாம் அந்த அட்டையில் வருமா?

அரசலாறு

மாணவர் காப்பீடு செமஸ்டர் தொடங்கும் நாளில்தான் தொடங்கும். பல்கலைக்கழகம் என்றால் பெரும்பாலும் அக்டோபர் 1, ஃபாக்ஹோக்ஷூலே என்னும் செயல்முறைப் படிப்புக் கல்லூரி என்றால் செப்டம்பர் 1. பெயர் பதிவது அதற்கும் பிந்தினால் பதிந்த நாளிலிருந்து. ஆக, விமானம் இறங்கும் நாளிலிருந்து அதுவரை ஒரு பயணக் காப்பீடு போட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது 30,000 யூரோ வரை தாங்கும் பாலிசியாக இருக்கட்டும், விசாவுக்கும் அதுதான் கேட்பார்கள். இந்த ஒரு மாதத்துக்கு மலிவு வகை போதும். ஏஜென்டுக்கும் ஒரு வியாபாரம் ஆகட்டும்.

கண்ணாடிக்குப் பெரியவர்களுக்குப் பொதுவாக எதுவும் கிடையாது. இரண்டு ஜோடி இங்கேயே போட்டுக்கொண்டு போகட்டும். பல்லில் பரிசோதனை, சாதாரண அடைப்பு வரும். கேப் போடுவது, பாலம் கட்டுவது எல்லாம் பாதிக்கு மேல் கையிலிருந்து போகலாம். கிளம்புவதற்கு முன் மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ பல் டாக்டரிடம் ஒரு நடை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மாத்திரைச் சீட்டில் தைரோநார்ம், எல்ட்ராக்சின் என்று கம்பெனி பெயரை எழுதி வாங்காதீர்கள். லெவோதைராக்சின், எத்தனை மைக்ரோகிராம் என்று டாக்டரிடம் டைப் அடித்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே மருந்துக்கடையில் நம்மூர் கம்பெனிப் பெயர் தெரியாது.

கடைமடை

அரசலாறு அம்மா, விவரமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். 150-லிருந்து 30-ஐக் கழித்தால் 120. இரண்டு வருடத்துக்கு 2,880 யூரோ. நம் காசுக்கு லட்சக்கணக்கில் ஆகிறது. ஒரு மா நிலம் குத்தகைக்கு விட்டால் எத்தனை வருஷம் ஆகும் அந்தக் காசைப் பார்க்க? உடம்புக்கு எதுவும் வராவிட்டால் அத்தனையும் போச்சு. நோய் நொடி இல்லாத பையனாக இருந்தால் மலிவானது போதும் என்று நீங்களே சொல்வீர்களா, மாட்டீர்களா?

அரசலாறு

சொல்ல மாட்டேன் ஐயா. பிள்ளை ஆரோக்கியமாக இருப்பது இன்றைக்கு. கையெழுத்து இரண்டு வருஷத்துக்கு. உங்கள் கணக்கில் தப்பில்லை, 2,880 யூரோ பெரிய காசுதான். மாணவர்கள் பகுதிநேர வேலையில் அதைச் சம்பாதித்துக் கட்டுகிறார்கள், நானும் அப்படித்தான் கட்டினேன். கட்டாமல் மட்டும் விடக் கூடாது. பாக்கி ஏறினால் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் போகும், அடுத்த செமஸ்டருக்குப் பதிவு நிற்கும்.

மட்டுறுத்துநர்

"குறைந்த பிரீமியம், பத்து நிமிடத்தில் சான்றிதழ்" என்று செல்பேசி எண்ணோடு வந்த இரண்டு இடுகைகளை நீக்கியிருக்கிறேன். மூன்றாவது வந்தால் கணக்கையே முடக்க வேண்டியிருக்கும். இழை தொடரட்டும்.

அசோகா அல்வா

நான் திருவையாறு. மகன் இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்.சி. எங்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை, ஏனென்றால் தேர்ந்தெடுக்க ஒன்றுமே விடவில்லை. விசா விண்ணப்பம் போடும்போதே சுகாதாரக் கூடுதல் கட்டணம் என்று பிடுங்கிக்கொள்கிறார்கள். மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண்டு. 2024 பிப்ரவரியில் உயர்த்தினார்கள்.

ஒரு வருடப் படிப்புதானே, 776 தானே என்று நினைக்காதீர்கள். விசா 16 மாதத்துக்குக் கொடுக்கிறார்கள். ஆறு மாதம் வரையிலான துண்டுக்குப் பாதிக் கட்டணம். ஆக 776-உம் 388-உம் சேர்ந்து 1,164 பவுண்டு. அத்தனையும் ஒரே தவணையில், கார்டில். பேங்க் கார்டு வரம்பு போதாமல் என் தம்பி கார்டைக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. விசா மறுத்தால் அந்தக் காசு திரும்பி வந்துவிடும்.

அதற்குப் பிறகு தேசிய சுகாதார சேவையில் உள்ளூர்க்காரர் மாதிரியே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் போன உடனே வீட்டுக்குப் பக்கத்து ஜி.பி.யிடம், அதாவது பொது மருத்துவரிடம், பெயரைப் பதிய வேண்டும். பிள்ளைகள் அதைச் செய்வதில்லை. காய்ச்சல் வந்த பிறகு ஃபாரம் நிரப்பிக்கொண்டிருப்பார்கள். இங்கிலாந்தில் மருந்துச் சீட்டு ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இலவசம். அவசரம் இல்லாத விஷயத்துக்குக் காத்திருப்புதான். மகனுக்குத் தோலில் ஏதோ அலர்ஜி. அங்கே தேதி கிடைப்பதற்குள் விடுமுறைக்கு ஊருக்கு வந்து தஞ்சாவூரில் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

பட்டுக்கோட்டை பயணி

குவைத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் இங்கே வரும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று போட்டோம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்துச் சாவுக்கு 10 லட்சம். படிக்கப் போகிற பிள்ளைகளுக்கும் அதைப் போடலாமா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா?

குடவாசல்

இரண்டுமே உதவாது அண்ணே. நீங்கள் போட்டது, குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கானது. மாணவர்களுக்கு இல்லை. முதலமைச்சர் காப்பீடு இங்கே பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் மட்டும்தான்.

கேட்டதால் ஒன்று சொல்கிறேன். மனசுக்குக் கஷ்டமான விஷயம், ஆனாலும் எழுதத்தான் வேண்டும். ஜெர்மனியின் பொதுக் காப்பீடோ பிரிட்டன் சுகாதார சேவையோ சிகிச்சையோடு நின்றுவிடும். அசம்பாவிதம் நடந்து உடலை ஊருக்குக் கொண்டுவர வேண்டியிருந்தால் அந்தச் செலவு அதில் வராது. படுத்த படுக்கையாக இருப்பவரை விமானத்தில் அழைத்துவருவதும் வராது. நம் நாட்டு நிறுவனங்களின் மாணவர் பயணப் பாலிசிகளில் இவை இரண்டும் உண்டு. பலவற்றில் பெற்றோர் ஒருவர் போய் வர விமானக் கட்டணமும் உண்டு. படிக்கவைக்கிற அப்பா விபத்தில் போய்விட்டால் மீதிக் கல்விக் கட்டணத்தைக் கொடுக்கும் பிரிவும் உண்டு. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியவர்கள் அந்தப் பிரிவைக் கட்டாயம் படித்துப் பாருங்கள். அங்குள்ள காப்பீட்டுக்கு மேல், இதற்காக மட்டும் சின்னதாக ஒரு இந்தியப் பாலிசி வைத்துக்கொள்வது வீண் இல்லை.

எதுவுமே இல்லாமல் மாட்டிக்கொண்டால், இந்தியத் தூதரகங்களில் 2009-இலிருந்து இந்திய சமூக நல நிதி இருக்கிறது. வசதியற்றவர்களுக்கு அதிலிருந்து உதவுவார்கள். அதை நம்பிக் கிளம்ப முடியாது. மதத் என்ற வெளியுறவுத் துறை இணையதளத்தில் மாணவர்கள் பெயர் பதிந்து வைப்பது நல்லது, காசு செலவில்லை.

துலாக்கட்டம்

மாயவரம். அமெரிக்காவில் எம்.எஸ். முடித்து ஓ.பி.டி.யில் (படிப்பு முடித்தவர்களுக்கான தற்காலிக வேலை அனுமதி) இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் 150 யூரோவுக்கு அழுகிறீர்கள்! இங்கே பல்கலைக்கழகத் திட்டம் பல இடங்களில் வருடத்துக்கு 2,000-த்திலிருந்து 4,000 டாலர், சில இடத்தில் அதற்கும் மேல். எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு இன்சூரன்ஸ் வேண்டும் என்று அரசாங்கம் கேட்பதில்லை, பல்கலைக்கழகம்தான் கேட்கும். சேர்ந்ததும் ஃபீஸ் பில்லில் தானாக ஏற்றிவிடுவார்கள். வேறு காப்பீடு இருக்கிறது என்று காட்டி விலக்கு வாங்கலாம், அதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கும். ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் வருகிறவர்களுக்கு மட்டும் அரசாங்கமே அளவு வைத்திருக்கிறது: ஒரு நோய் அல்லது விபத்துக்கு 1,00,000 டாலர், அவசர இடமாற்றத்துக்கு 50,000, உடலைக் கொண்டுபோக 25,000.

பிரீமியம் எவ்வளவு என்று கேட்பதோடு நம் ஆட்கள் நிறுத்திவிடுகிறார்கள். இங்கே கேட்க வேண்டியவை வேறு. உதாரணத்துக்கு 20,000 டாலர் பில் என்று வையுங்கள். டிடக்டிபிள் 500. அதுவரை முழுக்க நம் காசு. மிச்சம் 19,500-இல் நம் பங்கு 20 சதவீதம், அதாவது 3,900. மொத்தம் 4,400. ஆனால் வருடத்துக்கு நம் கையிலிருந்து போகும் உச்சவரம்பு 3,000 என்று பாலிசியில் இருந்தால் 3,000-த்தோடு நின்றுவிடும். பில் இரண்டு லட்சம் டாலரானாலும் அதே 3,000தான், நெட்வொர்க்கில், அதாவது காப்பீட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தத்தில், உள்ள ஆஸ்பத்திரியாக இருந்தால். ஊரிலிருந்து வாங்கிவரும் மலிவுப் பாலிசியில் உச்சவரம்பு தலைகீழாக இருக்கும். கம்பெனி 50,000 வரை கொடுக்கும், அதற்கு மேல் உங்கள் தலையில். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், தாளைப் புரட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அறைத்தோழனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி வயிற்றுவலி. நேராக எமர்ஜென்சிக்குப் போனான், குடல்வால். ஒரு வாரம் கழித்துத் தபாலில் ஒரு தாள் வந்தது, ஐந்து இலக்கத்தில் தொகை. பையன் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்துவிட்டான், ஊருக்குப் போன் போட்டு அப்பாவை அழவைத்துவிட்டான். தாளின் மேலேயே "இது பில் அல்ல" என்று அச்சடித்திருந்தது. ஆஸ்பத்திரி எவ்வளவு கேட்டது, காப்பீடு எவ்வளவு கொடுத்தது என்று கம்பெனி அனுப்பும் கணக்கு அது. உண்மையான பில் பின்னால் வந்தது, பல்கலைக்கழகத் திட்டம் இருந்ததால் பிழைத்தான். அந்தப் பில் வந்ததும் ஐட்டம் ஐட்டமாகப் பிரித்துக் கேளுங்கள். லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரி என்றால் நிதியுதவி விண்ணப்பம் கட்டாயம் வைத்திருப்பார்கள். மாணவர் வருமானத்துக்கு நிறையக் குறையும், கேட்டால்தான் கொடுப்பார்கள்.

சளி காய்ச்சலுக்கு வளாக மருத்துவ மையம், விரலில் வெட்டு என்றால் அர்ஜென்ட் கேர் என்ற உடனடி சிகிச்சை கிளினிக், உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும் எமர்ஜென்சி. இந்த வரிசையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைமடை

அம்மாடி! ஜெர்மனியே தேவலாம் போலிருக்கிறது.

அலையாத்தி

முத்துப்பேட்டை. ஆஸ்திரேலியாவில் நர்சிங் படித்தேன், அதைப் பற்றிச் சுருக்கமாக. ஓ.எஸ்.எச்.சி. என்ற மாணவர் காப்பீட்டை விசா காலம் முழுவதற்கும் முன்கூட்டியே எடுத்தால்தான் 500 வகை மாணவர் விசா கிடைக்கும். மெடிபேங்க், பூபா, அலையன்ஸ், நிப் என்று சில நிறுவனங்கள்தான் தருகின்றன. முன்பே இருக்கும் நோய்க்கு 12 மாதக் காத்திருப்பு, மனநலம் சம்பந்தப்பட்டதென்றால் 2 மாதம். நீடாமங்கலம் அண்ணன் மாதிரி தைராய்டு பிள்ளை வைத்திருப்பவர்கள் அந்த ஒரு வருடத்தைக் கணக்கில் எடுங்கள். பல், கண்ணாடி கிடையாது. டாக்டர் வாங்கும் தொகை அரசு நிர்ணயத்தை விடக் கூடினால் மிச்சம் நம் பாக்கெட்டிலிருந்து. காப்பீட்டு நிறுவனத்துக்கே நேரடியாகப் பில் போடும் கிளினிக் பட்டியலை அவர்கள் செயலியில் பார்க்கலாம்.

குடமுருட்டி

கனடா யாரும் சொல்லவில்லை. அங்கே நாட்டைக் கேட்காதீர்கள், மாகாணத்தைக் கேளுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மாகாணக் காப்பீட்டில் சேரலாம், மாணவருக்கு மாதம் 75 டாலர். ஆனால் போய் இறங்கும் மாதத்தின் மிச்ச நாட்களும் அடுத்த இரண்டு மாதமும் காத்திருக்க வேண்டும், அந்த இடைவெளிக்குத் தனியார். ஆல்பர்ட்டாவில் ஒரு வருடத்துக்குக் குறையாத படிப்பு அனுமதி இருந்தால் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒன்டாரியோவில் வெளிநாட்டு மாணவருக்கு மாகாணக் காப்பீடே கிடையாது, பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் யு.எச்.ஐ.பி. கட்டாயம். கல்லூரிகளுக்கு ஏற்பாடு வேறு. மானிடோபாவில் 2018 வரை கொடுத்தார்கள், நிறுத்திவிட்டார்கள். பழைய இடுகைகளைப் படித்துவிட்டு மானிடோபா இலவசம் என்று இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நீடாமங்கலத்தான்

எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். துலாக்கட்டம் தம்பி எழுதிய குடல்வால் கதையைக் கேட்டதும் அண்ணியே முடிவு சொல்லிவிட்டார்கள். பொதுக் காப்பீடுதான். ஏஜென்டிடம் செப்டம்பருக்கு மட்டும் பயணப் பாலிசி போதும் என்றோம், முகம் சுருங்கிவிட்டது. தைராய்டு என்று அதிலும் எழுதவைத்தேன். பிரீமியம் ஒரு பைசா கூடவில்லை. எதற்காக மறைக்கச் சொன்னார் என்று இன்னும் புரியவில்லை.

குடவாசல் சார், வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு ஃப்ளோட்டர் பாலிசி இருக்கிறது. பிள்ளை வெளிநாட்டில் இருக்கும்போது அவள் பெயரை எடுத்துவிடலாமா? அக்கா, பல்கலைக்கழகத்துக்குக் காப்பீட்டுச் சான்று எப்படி அனுப்புவது?

குடவாசல்

எடுக்காதீர்கள். அவள் விடுமுறைக்கு ஊருக்கு வருவாள். ஜெர்மனி அட்டை இங்கே செல்லாது. எடுத்துவிட்டுப் பின்னால் புதிதாகச் சேர்த்தால் முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு முதலிலிருந்து ஆரம்பிக்கும், மூன்று வருடம் வரை போகலாம். பல ஃப்ளோட்டர்களில் பிள்ளைகளுக்கு 25 வயது வரம்பு, அதற்கு முன்பே தனிப் பாலிசியாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். காத்திருந்த காலம் கணக்கில் வரும்.

அரசலாறு

தாளாக எதையும் அனுப்ப வேண்டாம். காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் இங்கிருந்தே விண்ணப்பித்து, எந்தப் பல்கலைக்கழகம் என்று குறிப்பிட்டால் போதும். எம்10 என்ற மின்தகவலை அவர்களே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அது போய்ச் சேராமல் பெயர் பதிய மாட்டார்கள். செப்டம்பர் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் நெருக்குவார்கள், ஆகஸ்டிலேயே போட்டுவிடுங்கள். ஜெர்மன் முகவரியும் வங்கிக் கணக்கும் கிடைத்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம் பிள்ளையிடம் இரண்டு எண் கொடுத்துவிடுங்கள்: அவசரத்துக்கு 112. ராத்திரியிலோ ஞாயிற்றுக்கிழமையோ டாக்டர் வேண்டும், ஆனால் உயிர் போகிற அவசரம் இல்லை என்றால் 116117.

வெட்டாறு

இழை கொஞ்சம் பழசாகிவிட்டது, ஆனாலும் கேட்கிறேன். என் மைத்துனருக்கு வயது 31. திருவாரூரில் தனியார் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்துவிட்டு இப்போது ஜெர்மனியில் முதுகலைக்குப் போகிறார். மொழி வகுப்பு ஆறு மாதம், அப்புறம் படிப்பு. அவருக்கும் அந்த 150 யூரோ பொதுக் காப்பீடு கிடைக்குமா?

அரசலாறு

கிடைக்காது. மொழி வகுப்புக் காலத்தில் யாருக்குமே மாணவர் கட்டணம் இல்லை, வயது எதுவானாலும். அதன் பிறகும் 30 தாண்டியவர் என்பதால் அவர் தனியாரில்தான் இருக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது விசாவுக்கென்று விற்கும் பயண வகையை விட்டுவிட்டு, நீண்ட காலம் தங்குவோருக்கான முழு மருத்துவக் காப்பீடாகப் பார்க்கச் சொல்லுங்கள், வயது கூடியதால் விலையும் கூடுதலாக இருக்கும். முதுகலைக்குப் பதிலாக ஊழியர் ஒப்பந்தத்தோடு முனைவர் பட்ட இடம் கிடைத்தால் கதை வேறு. அப்போது சம்பளத்திலிருந்தே பொதுக் காப்பீடு பிடிப்பார்கள், இந்த 30 வயது வரம்பு குறுக்கே வராது. அவர் ஏற்கெனவே ஆசிரியராக இருந்தவர் என்பதால் அந்த வழியையும் ஒரு முறை விசாரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.